கை நனைக்க ஓர் இறால் வடை

1

இறாலை நான் நம்புவதில்லை. மீனுக்குக் கண் உண்டு, செவுள் உண்டு. தூக்கிப் பார்த்தால் உள்ளதைச் சொல்லிவிடும். இறால் வாயைத் திறக்காது. பனிக்கட்டிக்குள் எத்தனை நாள் கிடந்தாலும், இப்போதுதான் அலையை விட்டு வந்தது போல முதுகை வளைத்துப் படுத்திருக்கும். கடலுக்கு ஒரு மணி நேரத் தொலைவில் பிறந்தும் பத்து வயது வரை கடலைப் பார்க்காத கரிசக்காட்டுக்காரி நான். எங்கள் பக்கத்தில் மேகத்தைக்கூட நம்ப மாட்டோம். கறுத்து வரும், உறுமும், விளாத்திகுளம் வரை ஆசை காட்டும், பிறகு போய்க் கடலுக்குள்ளேயே கொட்டிவிட்டு வரும்.

பாங்காக்கின் தெற்கு விளிம்பில், ஐந்தாம் மாடி வீட்டில், இன்று காலை அரைக் கிலோ இறாலை உரித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் யாரும் கேட்கவில்லை. காத்திருக்கிற நேரத்தில் கைக்கு வேலை வேண்டும், அதற்காக. கோவில்பட்டியிலிருந்து என் அண்ணன் மகள் செல்வி போன் பண்ண வேண்டும். அவள் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது இன்று தெரிந்துவிடும். நடக்காது போனால் அதற்கு முதல் காரணம் நான் சுட்ட இறால் வடை. ஊரில் அப்படித்தான் பேசுவார்கள். பேசாவிட்டாலும் நினைப்பார்கள்.

நடுவில் போன் சிணுங்கியது. பாய்ந்து எடுத்தேன். செல்வி இல்லை, நானே வைத்த நினைவூட்டல். தொண்ணூறு நாள் ஆகிவிட்டது, குடிவரவு அலுவலகத்துக்கு எழுத வேண்டும். நாங்கள் இன்னும் அதே முகவரியில்தான் இருக்கிறோம் என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சொல்ல வேண்டும். என் கணவருக்கு இங்கே ஒரு நூற்பாலையில் வேலை. கோவில்பட்டி மில்லில் நூல் சுற்றுகிற கதிர்களைப் பார்த்தவர், இங்கேயும் கதிர்தான் பார்க்கிறார். நாங்கள் வந்து இந்த மாதத்தோடு இருபது வருடம். எத்தனை தடவை சொல்லியாயிற்று! அவர்கள் நம்பின மாதிரியே தெரியவில்லை. அடுத்த தொண்ணூறாம் நாள் மறுபடி கேட்கிறார்கள்.

ஊரில் வேறு கேள்வி. பஸ்ஸை விட்டு இறங்கிப் பையைக் கீழே வைக்குமுன் கேட்பார்கள்: "எப்பம் போற?" இங்கே இருக்கிறேன் என்பதை நம்புவதில்லை, அங்கே போய்விடுவேன் என்பதை மட்டும் எல்லாரும் நம்புகிறார்கள்.

2

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். செல்விக்குக் கயத்தாற்றில் சம்பந்தம் பேசி, பூ வைத்தாயிற்று. அடுத்தது கை நனைக்கிற நாள். எங்கள் பக்கத்தில் பேச்சு உறுதியாகிற வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சோறு தின்ன மாட்டார்கள். காப்பியோடு எழுந்துவிடுவார்கள். என்றைக்கு இலை போட்டு உட்கார்ந்து கையை நனைக்கிறார்களோ அன்றைக்குத்தான் சம்பந்தம் சம்பந்தமாகும். முகூர்த்த நாள் குறிப்பது அதற்குப் பிறகு.

ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்றதும் எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. இருபது வருடம் வெளிநாட்டில் இருந்த அத்தை, கறிச்சோற்றுக்கு முன்னால் தாய்லாந்துப் பண்டம் ஒன்று வைக்க வேண்டாமா? தோட் மன் குங். இறாலை அரைத்துத் தட்டி, ரொட்டித்தூளில் புரட்டி, மொறுமொறுவென்று பொரிப்பது. நடுவில் ஓட்டை போட்டும் தட்டுவார்கள்; பார்த்தால் நம் மெதுவடைதான். மாப்பிள்ளையின் அம்மா செல்விக்குப் போன் பண்ணியபோது நானே போனை வாங்கி, "மதினி, ஞாயித்துக்கிழமை உங்களுக்கு இறால் வடை சுடுதேன். வேற எங்கயும் கிடைக்காது" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாவும், "எங்க வீட்டுக்காரவியளுக்கு இறால்னா உசுரு" என்றார்கள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் என் மதினி, அண்ணன் மனைவி, கையில் கரண்டியோடு நிற்கிறாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"யாரக் கேட்டுச் சொன்ன கனி?"

"ஏன் மதினி, இறால் பிடிக்காதா அவியளுக்கு?"

"அவியளுக்குப் பிடிக்கும்" என்றாள். அவ்வளவுதான். அடுப்படிக்குள் போய்விட்டாள்.

என் சந்தேகம் அந்த இடத்தில் முளைத்தது.

3

புதன்கிழமை ஒத்திகை. என் மகள் பவி பாங்காக்கிலிருந்து குரல் செய்தியாக அனுப்பிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பதினெட்டு. நான் தமிழில் கேட்டால் தாய்லாந்து மொழியில் பதில் சொல்கிற பிள்ளை. சமையல் என்றால் மட்டும் என் மீது இரக்கப்பட்டுத் தமிழுக்கு இறங்கி வருவாள்.

"அம்மா, கொத்தமல்லி வேர். இலை வேண்டாம். வேர், பூண்டு, வெள்ளை மிளகு மூணும் இடி."

"பாதி இறால் மாவு மாதிரி. பாதி துண்டு துண்டா. எல்லாம் மாவா ஆக்கிடாதம்மா, நீ ஆக்குவே, எனக்குத் தெரியும்."

"அடிக்கணும். கையில எடுத்துப் பாத்திரத்துல ஓங்கி அடி. ஒட்டுற வரைக்கும். பாவம் பாக்காத."

அப்புறம் சற்று இடைவெளி விட்டு இன்னொன்று: "அம்மா, நீ திரும்பி வருவேல்ல?"

அவளுக்கும் சந்தேகம். நான் ஊருக்குக் கிளம்புகிற ஒவ்வொரு தடவையும், மறுபடி நாட்டுக்குள் வர அனுமதி முத்திரை குத்திவிட்டேனா என்று பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டுவாள். அது இல்லாமல் கிளம்பினால் விசா செத்துவிடும். முத்திரையை அவள் பார்க்கிற பார்வை, மார்க்கெட்டில் நான் இறாலைப் பார்க்கிற பார்வைதான்.

கோவில்பட்டி மார்க்கெட்டில் கொத்தமல்லிக் கட்டை வாங்கி, தண்டை வெட்டி எறிந்துவிட்டு வேரை மட்டும் எடுத்தேன். காய்க்கடைக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். இங்கே பாங்காக்கில் கழுவி வெளுத்த வேர். அங்கே வேர் முழுக்கக் கரிசல். ஐந்து தண்ணீர் மாற்றினேன், ஐந்தாவதும் கறுப்பாகத்தான் போனது. அந்த மண் அப்படித்தான், பிடித்தால் விடாது. இறால்காரி தூத்துக்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள். நான் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "யக்கா, அதுட்ட ஆதார் கார்டு கேக்கலியா?" என்றாள். நான் பழக்கத்தில், தாய்லாந்தில் பெண்கள் மரியாதைக்குப் பேச்சின் கடைசியில் சேர்க்கிற 'க்கா'வோடு, 'வேண்டாம் க்கா' என்று இழுக்க, "என்னய எதுக்கு அக்காங்கீய, எனக்கு உங்க வயசுல பாதி" என்று அதற்கும் ஒரு சண்டை.

ரொட்டித்தூளுக்குப் பேக்கரி ரஸ்கை நுணுக்கினேன். தொட்டுக்கொள்ள இங்கே உப்பில் ஊறிய ஒரு பழத்தில் இனிப்புச் சாறு வைப்பார்கள். கோவில்பட்டியில் அதற்கு எங்கே போக? இலந்தவடைப் பாக்கெட் நாலு வாங்கி, வெந்நீரில் கரைத்து, சீனியும் காடியும் விட்டுச் சுண்டக் காய்ச்சினேன். நாக்கில் வைத்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அசலை விட நன்றாக இருந்தது.

நான் பெட்டியில் மூன்று பிளாஸ்டிக் பைக்குள் சுற்றிக் கொண்டுபோன மீன் சாற்றுப் பாட்டிலை மதினி திறந்து மோந்தாள்.

"கருவாடு குளிச்ச தண்ணியால்ல இருக்கு!"

"நாலு சொட்டுதான் மதினி."

"செல்வி போன்ல பாத்துச் சொன்னா. இதுல பன்னிக் கொழுப்பு போடுவாவளாமே?"

"போடுவாங்க. நான் போடல."

"போடலியே?"

"போடல மதினி."

"சத்தியமா?"

சத்தியம் பண்ணிவிட்டுப் பொரித்தேன். எண்ணெய் மிதமாகக் காய வேண்டும். அவசரப்பட்டால் மேலே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். பொன்னிறமாக மிதந்து வந்தபோது செல்வி இரண்டை நின்றபடியே தின்றாள். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. எதையும் ஊசி குத்துகிற மாதிரி சட்டென்று சொல்வாள். "அத்தை, இதுக்கு நான் ரெண்டு கல்யாணம் பண்ணலாம்."

அண்ணன் கடையிலிருந்து வந்தார். விதைக் கடை. பருத்தி விதை மூட்டை வந்தால் நாலு விதையைக் கடித்துப் பார்த்துத்தான் இறக்குவார். தட்டை நீட்டினேன். பார்த்தார். கையை நீட்டவில்லை.

"வயிறு சரியில்ல பாப்பா."

"ஒண்ணு தின்னாப் போதும்ண்ணே."

"பெறகு பாப்போம்."

பிறகு பார்க்கவில்லை. ராத்திரி அவர் இட்லியும் பாசிப்பருப்புமாகச் சாப்பிட்டதைப் பார்த்தேன். நாலு இட்லி. சரியில்லாத வயிற்றுக்கு நாலு இட்லியா?

அன்றிலிருந்து அவரை வேவு பார்க்க ஆரம்பித்தேன். உச்சி வெயிலிலும் முழுக்கைச் சட்டை, பொத்தான் மாட்டியபடி. நான் அறைக்குள் போனால் புருசனும் பெண்டாட்டியும் பேச்சை நிறுத்துகிறார்கள். நான் கொடுத்த காப்பியைக் குடிக்கிறார். நான் சுட்டதைத் தொடவில்லை. என் சத்தியத்தை அவர் நம்பவில்லை, அதுதான் என்று முடிவு கட்டினேன். பன்றியும் பாம்பும் தின்கிற ஊருக்குப் போனவள், என் தங்கச்சி கையில் இனிமேல் எதுவும் வாங்கித் தின்னக் கூடாது என்று நினைக்கிறார். இருபது வருடமாக மனசுக்குள் வைத்திருந்தது, ஒரு வடையில் வெளியே வந்துவிட்டது. இப்படி இரண்டு நாள் எனக்குள்ளேயே அரைத்துக்கொண்டிருந்தேன். பவி சொன்னது சரி, நான் எல்லாவற்றையும் மாவாக்கிவிடுவேன்.

4

சனிக்கிழமை துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வெயில் படுகிற இடத்தில், ஒரு கண்ணாடிப் பாட்டில். உள்ளே எண்ணெய். இலைகள் மிதக்கின்றன. நிறம்தான் என்னை நிறுத்தியது. கத்தரிக்காய்த் தோல் நிறம், எட்டத்தில் பார்த்தால் மை. கொடியின் கடைசியில், சேலைக்குப் பின்னால் மறைத்து, அண்ணனின் பனியன்கள். கையிலும் முதுகிலும் அதே ஊதாக் கறை.

பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டே கீழே இறங்கினேன். மதினி பார்த்தாள். ஓடிவந்து வாங்கி முந்தானைக்குள் வைத்தாள். வாசல் கதவைச் சாத்தினாள்.

"கத்தாத கனி. பக்கத்து வீட்ல கேக்கும்."

"என்ன மதினி இது?"

"வெட்பாலைத் தைலம். அவியளுக்கு முழங்கை, முதுகு, காலு எல்லாம் படை. ஒன்றரை வருசமாச்சு. செதில் செதிலா உதிருது. நாகர்கோவில் பக்கம் ஒரு வைத்தியர்ட்ட பாக்குதோம். பத்தியம். கத்திரிக்கா கூடாது, கருவாடு கூடாது, இறாலக் கண்ணாலயே பாக்கக் கூடாதுன்னுட்டாவ. ஒரு தடவ மறந்து ரசத்துல கெடந்த கூனி இறால முழுங்கிட்டு ஒரு மாசம் பட்டபாடு…"

"தொத்து நோய் இல்லையே மதினி அது?"

"இல்லன்னு நமக்குத் தெரியும். கயத்தாத்துக்காரவியளுக்குத் தெரியுமா? தாலி ஏறுற வரைக்கும் யார்ட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு இருக்கோம். அப்பனுக்குப் படைன்னா பிள்ளைக்கும் வரும்னு சொல்லி எந்திரிச்சுப் போயிருவாவ." அவள் பாட்டிலை இறுக்கிக்கொண்டாள். "நீ போன்ல வடைன்னு சொல்லுத. எனக்கு உசிரே போச்சு."

கை நனைக்கிற பந்தியில் பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையின் அப்பாவும் அடுத்தடுத்த இலையில் உட்கார வேண்டும். இலையில் வைத்ததில் ஒன்றைத் தொடாமல் விட்டால் பக்கத்து இலைக்காரர் பார்ப்பார். பிள்ளை வீட்டுக்காரர் அன்றைக்கு அதற்காகத்தான் வருகிறார், பார்ப்பதற்கு. வடையே வேண்டாம் என்றால், சொன்னது ஏன் வரவில்லை என்று அந்த அம்மா கேட்பார்கள். அண்ணனிடம் பேசினேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி நிலத்தைப் பார்த்துச் சொன்னார்:

"தின்னுட்டாப் போச்சு பாப்பா. ஒரு மாசம் சொறிஞ்சிட்டுக் கெடப்பேன். எம் பிள்ள கல்யாணத்துக்கு மேலயா?"

எனக்கு அழுகை வந்தது. அதை விட அதிகமாக வெட்கம். இரண்டு நாளாக இந்த மனிதரைத்தான் நான் வேவு பார்த்தேன்.

"தின்ன வேண்டாம்ண்ணே. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

5

ஞாயிற்றுக்கிழமை காலையில், இறாலைத் தொடுமுன், இரண்டே இரண்டு வடை தனியாகத் தட்டினேன். அவித்த பாசிப்பருப்பு, பிழிந்த சுரைக்காய்த் துருவல். பிய்த்தால் உள்ளே இறால் போலச் சிவக்க வேண்டும் என்று கொஞ்சம் காரட். அதே வட்டம், அதே ஓட்டை, அதே ரஸ்க் தூள். புது எண்ணெய், தனிச் சட்டி. ஓரத்தில் மட்டும் நகத்தால் ஒரு கீறல், அடையாளத்துக்கு. பொரித்து மற்றவற்றோடு வைத்தபோது எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. வாழ்க்கையில் நான் செய்த சுத்தமான ஏமாற்று வேலை அது. செல்வியிடம் சொல்லவில்லை; அவள் சம்மதிக்க மாட்டாள் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

கயத்தாற்றுக்காரர் வந்தார், மனைவியோடும் மகனோடும். நெடுஞ்சாலையில் லாரி டயர்க் கடை வைத்திருப்பவர், பெரிய உருவம், பெரிய சிரிப்பு. அந்த அம்மாவுக்குச் சிரிப்பு கொஞ்சம். கண்கள் சுவரில், தரையில், ஜன்னல் திரையில் போய்ப்போய் வந்தன. மாப்பிள்ளை தலையைக் குனிந்து தன் போனைப் பார்த்தான். செல்வி கதவுக்குப் பின்னாலிருந்து அவனைப் பார்த்தாள்.

இலை போட்டாயிற்று. நானே பரிமாறினேன். கீறல் போட்ட இரண்டும் அண்ணன் இலைக்கு. கயத்தாற்றுக்காரர் இலையில் அசல். ஒன்றுகூட இலை மாறவில்லை, அதில் எனக்கு ஒரு கர்வம் வேறு.

அப்போதுதான் அவர் கையை உயர்த்தினார். "அண்ணாச்சி, மொதல்ல மாத்திக்கிடுவோம்."

எனக்கு மறந்தே போயிருந்தது. சம்பந்திகள் முதல் வாய் வைக்குமுன் ஒருவர் இலையிலிருந்து இனிப்பை எடுத்து மற்றவர் இலையில் வைப்பார்கள். இனிப்பு என்பதால் மதினியும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பூந்தி லட்டு தயாராக இருந்தது.

"எனக்குச் சர்க்கரை, முந்நூறுக்குக் கொறைய மாட்டேங்கு" என்று ஊர் கேட்கச் சொன்னார் அவர். நோயை இப்படி வாய் நிறையச் சொல்ல முடியுமா என்று நான் பார்த்துக்கொண்டே இருக்கையில், "இனிப்பு வேண்டாம். தங்கச்சி கடல் தாண்டிக் கொண்டாந்த வடை இருக்கே, அதையே மாத்திக்கிடுவோம்" என்றார். தன் இலையிலிருந்து ஒரு வடையை அண்ணன் இலையில் வைத்தார். அண்ணன் இலையிலிருந்து ஒன்றை எடுத்துப் பாதியைக் கடித்தார்.

மென்றார். மெல்வது நின்றது. கையிலிருந்த மீதியைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா," என்றார் என்னைப் பார்த்து, "இதுல இறாலக் காணுமே?"

அந்த அம்மா எட்டித் தன் புருசன் கையிலிருந்த துண்டைப் பார்த்தார்கள், தன் இலையில் இருந்ததைப் பிய்த்துப் பார்த்தார்கள், பிறகு என் முகத்தை. விருந்து இலையில் இரண்டு விதம் வைத்திருக்கிறோம். அதுவும் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. என்ன கலந்திருக்கிறார்கள் என்று நினைக்க எல்லா நியாயமும் இருந்தது. நான் வாயைத் திறந்தேன், ஏதோ ஒரு பொய் சொல்ல. எந்தப் பொய் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அண்ணன் அதற்குள் தன் இலையில் விழுந்த அசல் வடையை எடுத்துவிட்டார். வாய் வரைக்கும் கொண்டுபோனார். செல்வி கதவுக்குப் பின்னாலிருந்து, "அப்பா, வைங்க" என்றாள்.

வைத்தார். இடது கையால் வலது கைச் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். முழங்கை வரை மடித்தார். ஊதா எண்ணெய் ஊறிய தோல். அதன் மேல் வெள்ளைச் செதில், காய்ந்த கண்மாயின் தரை வெடித்த மாதிரி.

"படை, அண்ணாச்சி. ஒன்றரை வருசமா பத்தியம். ஒட்டுவாரொட்டி இல்ல, டாக்டரும் சொல்லிட்டாரு. எம் பிள்ளைக்கு இல்ல. உங்களுக்குச் சொல்லிருக்கணும். பயந்துட்டேன். எந் தங்கச்சி மேல தப்பு இல்ல, எனக்காகத்தான் அது."

கயத்தாற்றுக்காரர் கையில் பாதி வடை அப்படியே இருந்தது. நாங்கள் எல்லாரும் அந்தப் பாதியைத்தான் பார்த்தோம். அவர் அதை வாயில் போட்டு மென்று விழுங்கினார். தண்ணீர் குடித்தார்.

"சொரக்காயா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.

"உப்பு கொஞ்சம் கம்மி."

சாப்பிட்டார்கள். எல்லாரும், கடைசி வரை, மோர் வரை. அந்த அம்மா இறால் வடையில் ஒன்றை முழுதாகத் தின்றார்கள், இரண்டாவதைத் தொடவில்லை. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னார்கள்: "வாரோம். வீட்ல பேசிட்டுச் சொல்லுதோம்."

கை நனைத்த பிறகு பேசுவதற்கு என்ன மிச்சம்? நனைத்தால் பின்வாங்கக் கூடாது என்பது வழக்கம். வழக்கம் கையைத்தான் கட்டும், காலைக் கட்டாது.

அன்று சாயங்காலம் செல்வி எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்து ஏசினாள். அவளுக்கு அப்பாவின் படை முதல் நாளிலிருந்தே தெரியுமாம். "நான் ஆய்வுக்கூடத்துல வேல பாக்கேன். எங்கிட்ட மறைச்சியளாக்கும்!" அவளுக்குக் கோபம் படை மேல் இல்லை, வடை மேல்.

6

நான் திரும்பி வந்து மூன்று வாரம். கயத்தாற்றிலிருந்து சத்தமே இல்லை. அண்ணன் ஒவ்வொரு போனிலும், "அங்கன மழையா பாப்பா?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கத் தைரியம் இல்லாதவர் கேட்கிற கேள்வி அது. இங்கே மழைதான், தினமும். மூன்று வாரமும் நான் வீட்டில் ஒரு முறுக்குக்கூடப் பொரிக்கவில்லை. பவி கேட்டாள், "அம்மா, அங்க என்ன ஆச்சு?" அவளிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு தோல் நோய்க்கா? நிஜமாவா?" என்றாள். அவள் முகத்தில் இருந்தது புரியாமையா, நாங்கள் எந்த ஜாதி மனிதர்கள் என்ற சந்தேகமா, என்னால் சொல்ல முடியவில்லை.

நேற்று மதினி போன் பண்ணினாள். கயத்தாற்று அம்மா பேசினார்களாம். நாள் குறிப்பது பற்றி ஒன்றும் இல்லை. "செல்வியக் கூட்டிட்டுப் புதியம்புத்தூர் போறேன். அங்கன எங்க சொந்தக்காரி தையல் கூடம் வச்சிருக்கா. ரவிக்கைக்கு அளவெடுத்துட்டு வாரோம்" என்றார்களாம்.

"நாளே குறிக்கல, ரவிக்கைக்கு என்ன அவசரம் கனி?" என்றாள் மதினி.

ஏன் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அளவெடுக்கிற அறையில் துப்பட்டா இருக்காது. கை தெரியும், முதுகு தெரியும், கழுத்து தெரியும். மூட்டையைப் பிரித்து நாலு விதையைக் கடித்துப் பார்க்கப் போகிறார்கள். அனுப்பாதே என்று நாக்கு நுனி வரை வந்தது. அனுப்பாவிட்டால் செல்விக்கும் படை இருக்கிறது என்று ஆகிவிடும்.

எனவே இன்று காலை இறால். உரித்தேன், நரம்பெடுத்தேன், இடித்தேன். பாத்திரத்தில் ஓங்கி ஓங்கி அடித்தேன். கீழ் வீட்டுக்காரர் மேலே பார்த்திருப்பார். முதல் ஈடு எண்ணெயில் இறங்கியபோது போன் வந்தது. அடுப்பை அணைத்தேன்.

"அத்தை."

"சொல்லுட்டி."

"போயிட்டு வந்துட்டேன். பஸ் ஸ்டாண்டுல நிக்கேன்."

"என்னாச்சு?"

"தையக்கார அக்கா டேப்ப எடுக்குறதுக்கு முன்னாடியே கயத்தாத்து அத்தை உள்ள வந்து ஸ்டூலப் போட்டு உக்காந்துட்டாவ. கண்ண எடுக்கல. நான் பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். பெறகு கேட்டுட்டேன்."

"என்னன்னு கேட்ட?"

"'அத்தை, வெளிச்சம் பத்தாதுல்ல? ஜன்னல்பக்கம் வந்து திரும்பி நிக்கட்டா?'ன்னேன்."

"ஐயையோ. அவிய என்ன சொன்னாவ?"

"அவிய சொல்லுறதுக்குள்ள நான் திரும்பியே நின்னுட்டேன். 'நல்லாப் பாத்துக்கிடுங்க. எங்கப்பாவுக்கு வந்தது எனக்கு நாளைக்கு வந்தாலும் வரும், வராமலும் போவும். இன்னைக்கு இல்லங்கிறத மட்டும்தான் நீங்க பாக்க முடியும்'னேன். அந்தத் தையக்கார அக்கா டேப்பக் கீழ போட்டுட்டா."

"செல்வி…"

"இருங்க அத்தை. பெறகு, 'அடுத்த வாரம் உங்க மவனையும் இங்கன கூட்டிட்டு வாங்க. எங்கம்மா ஸ்டூல்ல உக்காரட்டும்'னேன்."

எண்ணெயின் மேல் வடைகள் மெல்லச் சுழன்று நின்றன.

"ஸ்டூல் நகர்ற சத்தம் கேட்டுச்சு அத்தை. போயிட்டாவன்னே நெனச்சேன். திரும்பிப் பாத்தா அங்கனதான் இருக்காவ. தையக்கார அக்காவ வெளிய போகச் சொன்னாவ. பெறகு மெதுவா, 'எம் மவனுக்கு முதுகுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு மச்சம் இருக்குட்டி. மேல முடி. சின்னதுலருந்து ஆத்துல கொளத்துல எறங்க மாட்டான், சட்டையக் கழத்த மாட்டான். உங்கிட்ட யாரும் சொல்லிருக்க மாட்டாவ'ன்னு சொன்னாவ. அழுதுட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போவது கேட்டது. அது போகிற வரை பொறுத்துச் சொன்னாள்.

"'எனக்கு ஏற்கெனவே தெரியும், உங்க மவன் போன வாரமே போட்டோ அனுப்பிட்டாரு'ன்னு சொன்னேன் அத்தை. அவிய மூக்கச் சிந்திக்கிட்டே, 'வெக்கங்கெட்ட பய'ன்னாவ. பெறகு தையக்கார அக்காவக் கூப்பிட்டு, 'தை மாசத்துக்குள்ள தச்சு முடிச்சிருவியாட்டி?'ன்னு கேட்டாவ."